கோயில் மண்டபத்துல சோலார் போட்டா வெள்ளத்துல கரண்ட் போகாம இருக்குமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

சுங்கைபினாங்_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு ஜோர்ஜ்டவுன்ல சுங்கை பினாங் ஆத்து பக்கம் உள்ள ஒரு அம்மன் கோயில்ல நான் உதவிச் செயலாளர், வயசுல சின்னவன்றதால கம்ப்யூட்டர், லெட்டர், கொட்டேஷன் எல்லாம் என் தலையிலதான் விழும். இப்ப மண்டபத்து கூரையில சோலார் போடலாம்னு கூட்டத்துல பேச்சு ஓடுது. ஒரு கம்பெனி ஆளு வந்து அளந்து பாத்துட்டு 20 கிலோவாட் போடலாம், 62 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்)ன்னு எழுதிக் குடுத்துட்டு போயிட்டாரு. பொருளாளர் அத பாத்ததுலேருந்து தூங்கல.

தலைவரோட எண்ணம் ரெண்டு. ஒன்னு மாசாமாசம் பில்லு கொறையணும், ஏன்னா கல்யாண சீசன்ல ஏர்கோன் போட்டா பில்ல பாக்கவே பயமா இருக்கு. இன்னொன்னு 2017 நவம்பர் வெள்ளம் யாருக்கும் மறக்கல, அன்னிக்கு ராத்திரி தண்ணி மண்டபத்து படியோட நின்னுச்சி, சுத்துவட்டாரத்துல உள்ளவங்க எல்லாம், சீனவங்க மலாய்க்காரவங்க உட்பட, நம்ம மண்டபத்துலதான் ஏறி உக்காந்தாங்க ஆனா கரண்ட் இல்ல, போன்ல சார்ஜ் இல்ல, வயசானவங்க இருட்டுல பாத்ரூம் போக கூட கைய புடிச்சி கூட்டிட்டு போனோம். அதனால சோலார் போட்டா அடுத்த தடவ அந்த கஷ்டம் இருக்காதுன்னு தலைவர் சொல்றாரு.

கம்பெனி ஆளுகிட்ட "கரண்ட் கட்டானாலும் ஓடுமா"ன்னு கேட்டேன், அவரு சிரிச்சிகிட்டே "சோலார்தானே சார், வெயில் அடிச்சா ஓடும்"னாரு. அந்த சிரிப்பு எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சி. இந்த துறையில இருக்கறவங்க சொல்லுங்களேன்.

---

பிறை_ஒயர்மேன்

தம்பி, நீங்க சந்தேகப்பட்டது சரிதான். அந்த கொட்டேஷன்ல பேட்டரின்னு ஒரு வரி இல்லன்னா கரண்ட் கட்டான அடுத்த செகண்டே உங்க சோலாரும் படுத்துடும், கொளுத்துற வெயில்ல கூட. டிஎன்பி (கரண்ட் கம்பெனி) லைனோட சேந்து ஓடுற சாதாரண இன்வெர்ட்டர், அதாவது பேனல் கரண்ட நம்ம சாமானுக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி, லைன்ல கரண்ட் இல்லன்னு தெரிஞ்ச ஒடனே தன்னால நின்னுடணும், அப்படித்தான் அத செஞ்சிருக்காங்க, ஏன்னா சடக்குல ஒயர் ரிப்பேர் பண்ற ஆளு கரண்ட் இல்லன்னு நம்பி தொட்டா உங்க கூரையிலேருந்து போற கரண்ட் அவர அடிச்சிடும். வெள்ளத்துல சப்ஸ்டேஷன்ல தண்ணி ஏறினா டிஎன்பியே பாதுகாப்புக்கு அடைச்சிடுவாங்க, அப்ப 20 கிலோவாட் பேனலும் கூரைமேல சும்மா நனைஞ்சிகிட்டு கெடக்கும்.

ஆக தலைவர் கேக்கறது ரெண்டு வேற வேற சாமான். பில்லு கொறைக்கிற சோலார் ஒன்னு, இருட்டுல லைட்டு எரிய வெக்கிற சோலார் ஒன்னு. ரெண்டையும் ஒரே கொட்டேஷன்ல எதிர்பாத்தா ஏமாந்துதான் போகணும்.

மொதல்ல பில்லு. கோயில்ல பகல்ல எவ்ளோ கரண்ட் ஓடுதுன்னு பாருங்க. காலைல 8 மணிக்கு ஒரு தடவ, சாயங்காலம் 5 மணிக்கு ஒரு தடவ மீட்டர படம் புடிங்க, சாதா நாள்லயும் வெள்ளிக்கிழமையும் விசேஷம் உள்ள நாள்லயும் எடுத்து வெச்சிக்கோங்க. என் அனுபவத்துல கோயில்ங்க எல்லாம் ராத்திரி ஜீவன், அபிஷேகம் முடிஞ்சி நடை சாத்துனா பகல்ல ரெண்டு லைட்டும் ஒரு ஐஸ்பெட்டியும்தான் ஓடும், கல்யாண ஏர்கோன் எல்லாம் சாயங்காலத்துக்கு மேல. நம்ம ஊரு வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சராசரியா மூன்றரைலேருந்து 4 யூனிட் குடுக்கும், அப்ப 20 கிலோவாட்னா 70 யூனிட்டுக்கு மேல, அத பகல்ல யாரு தின்னுவா? மிச்சத்த லைனுக்கு அனுப்பலாம், ஆனா நீங்க வாங்குற வெலைக்கு அவுங்க எடுக்க மாட்டாங்க. முன்ன வீடுங்களுக்கு நெம் 3.0-ன்னு ஒரு திட்டத்துல, லைனுக்கு அனுப்புற ஒரு யூனிட்டுக்கு பில்லுல ஒரு யூனிட் கழிச்சிகிட்டிருந்தாங்க, அது 2025 ஜூன் 30-ஓட முடிஞ்சிடுச்சி, இப்ப உள்ளது சோலார் ஆதாப்ன்ற திட்டம், 2026 ஜனவரிலேருந்து. அதனால இனிமே பெருசா போட்டு வித்து லாபம் பாக்கலாம்ற கணக்கு ஓடாது, பகல்ல எவ்ளோ செலவாகுதோ அந்த அளவுக்கு போடறதுதான் புத்திசாலித்தனம். வழிபாட்டு எடங்களுக்கு 10 விழுக்காடு கழிவு இருக்கு, அது உங்க பில்லுல வருதான்னும் பாத்துக்கோங்க, நெறைய கோயில்ல யாரும் கேட்டு வாங்கறதே இல்ல.

இப்ப வெள்ளம். இதுக்கு லைன் இல்லன்னாலும் பேட்டரிய வெச்சி ஓடுற ஹைப்ரிட் இன்வெர்ட்டர், அதோட லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் பேட்டரி, தனியா ஒரு சின்ன டிபி (கரண்ட பிரிச்சி விடற சுவிட்ச் பெட்டி). அந்த சின்ன டிபிலதான் எல்லா சூட்சுமமும் இருக்கு. மண்டபம் முழுக்க ஓட்ட நெனைக்காதீங்க. 18 வாட் எல்இடி 12, காத்தாடி 6, ஐஸ்பெட்டி ஒன்னு, போன் சார்ஜ் பண்ண ஒரு மேஜை, தண்ணி மோட்டர், அவ்ளோதான். கணக்கு போட்டா லைட்டு 10 மணி நேரத்துக்கு 2 யூனிட் சொச்சம், காத்தாடி 14 மணி நேரத்துக்கு 5, ஐஸ்பெட்டி 1.2, அறுவது போன் சார்ஜ் பண்ணாலும் 1 யூனிட் கிட்டதான் வரும், மோட்டர் அரை மணி நேரம் ஓடுனா அரை யூனிட்டுக்கும் கொறைவு. மொத்தம் 10 யூனிட்டுக்குள்ள அடங்கிடும். ஏர்கோன், கெட்டில், ரைஸ் குக்கர் எதுவும் அந்த டிபில வரக்கூடாது, யாராவது ஒரு அண்ணன் மைலோ கலக்க கெட்டில சொருகுவாரு, 2000 வாட், பேட்டரி அரண்டு போயிடும். சமையல் கேஸ்லதான்.

ஒன்னு எல்லாரும் மறந்துடுவாங்க. வெள்ளம் வர்ற நாள்ல வானம் கறுத்து கெடக்கும், 5 கிலோவாட் பேனல் நல்ல வெயில்ல 20 யூனிட் கிட்ட குடுக்கும்னா அன்னிக்கு 4, 5 வந்தாலே பெரிய விஷயம். அதனால பேட்டரி நெறைஞ்சி இருக்கும்போதுதான் வெள்ளத்துக்குள்ள போகணும், மழை எச்சரிக்கை வந்தாலே லைன்லேருந்து முழுசா சார்ஜ் ஏத்தி வெச்சிடுங்க, ரெண்டாவது நாள் காத்தாடிய பாதி ஆக்குங்க.

கடைசியா, இன்வெர்ட்டர், பேட்டரி, டிபி எல்லாம் 2017 தண்ணி கோட்டுக்கு மேல இருக்கணும், ஒரு மீட்டராச்சும் மேல. கீழ் ஸ்டோர்ல மாட்டிட்டு போற ஆளுங்கள நான் பாத்திருக்கேன். அப்புறம் பகல் வெளிச்சம் இருக்கற வரைக்கும் பேனல்லேருந்து வர்ற ஒயர்ல கரண்ட் இருந்துகிட்டே இருக்கும், மெயின் அடைச்சாலும் சாகாது, அதனால ஐசோலேட்டர் (பேனல் ஒயர துண்டிக்கிற சுவிட்ச்) எங்க இருக்குன்னு பெருசா எழுதி ஒட்டுங்க, தீயணைக்கிற பொம்பாகாரங்க வந்தா தேடக் கூடாது.

---

கேஎல்_கொண்டோவாசி

ஒயர்மேன் அண்ணே சொன்னத அப்படியே வழிமொழியறேன். 2021 டிசம்பர் 18 ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்துல எங்க சித்தப்பா குடும்பம் மேல்மாடியில மாட்டிகிச்சி, அங்க சோத்த விட போன் சார்ஜ்தான் பெரிய பிரச்சன. படகு வெச்சிருக்கற தொண்டூழியர்ங்க எடம் எங்கன்னு கேக்கறாங்க, இவுங்க போன் செத்துப் போச்சு, லொகேஷன் அனுப்ப முடியல. அதனால அந்த சார்ஜ் மேஜைய சின்ன விஷயமா நெனைக்காதீங்க தம்பி.

எங்க கொண்டோவுல சோலார் பேச்சு எடுத்தோம், கூரை பொதுச் சொத்து, மேனேஜ்மன்ட் கூட்டத்துல தீர்மானம் போடணும், அங்க கார்பார்க் சண்டையே இன்னும் முடியல லா. கோயிலுக்கு சொந்தமா ஒரு கூரை இருக்கு, ஒரு நிர்வாகம் இருக்கு, அது எவ்ளோ பெரிய வசதின்னு உங்களுக்கு தெரியல.

---

ஜெலுத்தோங்_பெரியப்பா

எல்லாம் சரி. ஆனா எனக்கு ஒன்னு புரியல, தண்ணி வராம பண்றதுக்கு ஒரு காசு செலவு பண்ண மாட்டோம், தண்ணி வந்தப்புறம் லைட்டு எரியறதுக்கு 62 ஆயிரமா? சுங்கை பினாங்ல மழையும் கடல் ஏத்தமும் ஒன்னா வந்தா ஆறு போக எடம் இல்லாம திரும்பி ஊருக்குள்ள வருது, இது சின்னப் புள்ளைக்கு கூட தெரியும். அத கவர்மன்ட் பாக்கட்டும், ஆனா கோயில் வளாகத்த பாருங்க. அப்பல்லாம் மண்ணு இருந்துச்சி, வேப்ப மரம் இருந்துச்சி, இப்ப கால்ல மண்ணு ஒட்டக்கூடாதுன்னு வேலி வரைக்கும் சிமெண்ட போட்டு மூடிட்டோம், பெய்யற தண்ணி பூரா நேரா காவாய்க்குதான் ஓடுது. ஒரு பக்கத்து சிமெண்ட ஒடைச்சி மண்ணாக்கி வாழையும் வெட்டிவேரும் வெச்சாலே ஒரு பங்கு தண்ணிய அங்கயே குடிச்சிடும். அன்னதான எலையும் பழைய மாலையும் காவாய அடைக்காம அங்கயே கம்போஸ் உரம் ஆக்கலாம், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இத எத்தன வருஷமா கத்திகிட்டிருக்கு, அதோட தலைவரா இருந்த இட்ரிஸ் ஐயா உயிரோட இருந்த காலத்துலேருந்து. நாமதான் காது குடுக்கல.

செபராங் பிறை பக்கம் கரையோர மீனவர்ங்க 1990-கள்லேருந்து அலைய தடுக்கற பாக்காவ் (அலையாத்தி) மரம் நட்டுகிட்டிருக்காங்க, யாரும் கொட்டேஷன் குடுக்கல அவுங்களுக்கு. 2004 சுனாமியில பினாங்குல மட்டும் 50 பேருக்கு மேல போனாங்க, அதுக்கப்புறம்தான் பாக்காவ் எதுக்குன்னு நம்ம படிச்சவங்களுக்கே வெளங்குச்சி.

---

பிறை_ஒயர்மேன்

பெரியப்பா சொல்றதுல தப்பே இல்ல. கூரைய பத்தி பேசறப்ப மழைத்தண்ணியையும் சேத்துக்கோங்க. 1 சதுர மீட்டர் கூரையில 1 மில்லிமீட்டர் மழை பேஞ்சா 1 லிட்டர், அப்ப 200 சதுர மீட்டர் மண்டபத்துக்கு ஒரு 10 மில்லிமீட்டர் மழையிலயே 2000 லிட்டர், சிந்துனது போக பெரும்பங்கு தொட்டிக்கு வந்துடும். மொதல்ல வர்ற அழுக்குத் தண்ணிய வெளிய விட ஒரு பாயிப், மேல கொசுவலை, இல்லன்னா ஏடிஸுக்கு வீடு கட்டி குடுத்த மாதிரி ஆயிடும். குடிக்க வேணாம், கக்கூஸுக்கும் கழுவறதுக்கும் போதும். 2024 ஜனவரியில சுங்கை டுவா தண்ணி சுத்திகரிப்பு நிலையத்துல வால்வு மாத்துறப்ப தண்ணி கட்டாகி பினாங்கே வாளியோட அலைஞ்சது ஞாபகம் இருக்குல்ல, அப்ப வெள்ளம் கூட இல்ல.

---

நிபோங்தெபால்_அக்கா

தம்பி, நான் ரிட்டயர் ஆன நர்ஸ். மண்டபத்துல ஜனங்க தங்கப் போறாங்கன்னா ஒடம்பு விஷயத்தையும் யோசிக்கணும், ஆம்பளைங்க இன்வெர்ட்டர் பேசுனா வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

அந்த ஐஸ்பெட்டிய விபூதி டப்பாவும் பன்னீரும் வெச்சி நெறைச்சிடாதீங்க, அதுல ஒரு தட்டு இன்சுலினுக்குன்னு ஒதுக்கி வெங்க. நம்ம ஆளுங்கள்ல சீனி வியாதி இல்லாத வீடு எது? தொறக்காத இன்சுலின் 2 லேருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், ஐஸ் கட்டி ஆகற எடத்துல வெக்கவே கூடாது, உறைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். ஊசி போட்டுகிட்டிருக்கற பேனா ரொம்ப சூடு இல்லாத எடத்துல வெளிய இருந்தாலும் கிட்டத்தட்ட நாலு வாரம் தாங்கும், பெரும்பாலானதுக்கு அப்படித்தான், அட்டையில போட்டிருக்கும். ஆஸ்துமாவுக்கு புகை அடிக்கிற மெஷின் கொஞ்ச நேரந்தான் ஓடும், பேட்டரிக்கு பாரமே இல்ல. ஆக்சிஜன் மெஷின்தான் பாரம், 300 வாட்டுக்கு மேல இழுக்கும், ராத்திரி பூரா ஓடணும், அப்படி யாராவது அக்கம்பக்கத்துல இருந்தா ஒயர்மேன் தம்பி போட்ட 10 யூனிட் கணக்கு மாறிடும்.

டயாலிசிஸ்காரங்கள பத்தி யாரும் பேச மாட்டேங்கறீங்க. அவுங்களுக்கு வாரத்துல மூணு தடவ, ஒரு தடவைக்கு 4 மணி நேரம், 120 லிட்டர் கிட்ட சுத்தம் பண்ணுன தண்ணி ஓடும், அத எந்த மண்டபத்துலயும் பண்ண முடியாது. அவுங்கள தண்ணி ஏறுறதுக்கு முன்னாடியே தண்ணி ஏறாத பக்கத்து சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடணும். அதுக்கு யார் யார்னு ஒரு பேர் லிஸ்ட் வேணும், நோட்டுபுக்குல எழுதி வெங்க, போன்ல மட்டும் இல்ல.

தண்ணி வடிஞ்சப்புறம் கழுவறதுக்கு எறங்குறப்ப பூட்ஸ் போடாம எறங்காதீங்க, எலி மூத்திரத்துல வர்ற காய்ச்சல் விளையாட்டு இல்ல. இன்னும் ஒன்னு, பேட்டரி வாங்க முடியலன்னு ஜெனரேட்டர் எடுத்தா மழைக்கு நனையுதுன்னு மண்டபத்துக்குள்ள இழுத்துகிட்டு வருவாங்க, அந்த புகையில வாசமே இல்லாத வாயு இருக்கு, தூங்கறவங்க எந்திரிக்க மாட்டாங்க.

---

தண்ணீர்மலை_பந்தல்காரன்

அக்கா ஜெனரேட்டர்னு சொன்னதும் நான் வந்துட்டேன் 😄

நீங்க எல்லாம் பேட்டரி பேட்டரின்னு பேசறீங்க, பினாங்குல தைப்பூசத்துக்கு எத்தன தண்ணீர்ப் பந்தல் போடறோம்? ஒவ்வொரு பந்தல்காரன்கிட்டயும் ஜெனரேட்டர் இருக்கு, நூறு மீட்டர் ஒயர் இருக்கு, பெரிய அண்டா, கேஸ் அடுப்பு, லோரி, ராத்திரி முழுக்க தூங்காம மோர் ஊத்தி பழக்கப்பட்ட பசங்க இருக்காங்க. ஆயிரம் பேருக்கு சோறு ஆக்கறது எங்களுக்கு பெரிய விஷயம் இல்ல. ஆனா வெள்ளம் வந்தா யாரும் எங்கள கூப்புடறது இல்ல, ஒரு குழுவுக்கு அடுத்த குழு நம்பர் கூட தெரியாது, பாட்டு சவுண்டுலதான் போட்டி. தம்பி, உங்க கோயில் சுத்தி இருக்கற பந்தல்காரன்ங்க பேர மொதல்ல சேத்து வைங்க. 2017-லயே டாமான் ஃப்ரீ ஸ்கூல் பக்கம் சூராவ்ல (சின்ன பள்ளிவாசல்) சீன கிழவிங்கள தங்க வெச்சாங்க, பேப்பர்ல வந்துச்சி, சூராவ் ஆளுங்களோடயும் பேசி வெச்சிக்கோங்க. அவுங்க எடத்துல பாய் போர்வை நெறைய இருக்கும், நம்ம எடத்துல அண்டா இருக்கும்.

---

ஜெலுத்தோங்_பெரியப்பா

இது நல்ல பேச்சு. பந்தல் பசங்க பிளாஸ்டிக் கப்ப நிறுத்துனா இன்னும் நல்லா இருக்கும்.

---

தண்ணீர்மலை_பந்தல்காரன்

பெரியப்பா 🙏 எங்க பந்தல்ல எவர்சில்வர் டம்ளர்தான், வந்து பாருங்க, கழுவ நீங்களும் வாங்க.

---

சுங்கைபினாங்_தம்பி

அடேங்கப்பா, ஒரு கேள்வி கேட்டேன், ஒரு நிர்வாகமே கெடைச்சிருக்கு. நேத்து தலைவர்கிட்ட எல்லாத்தையும் படிச்சி காட்டுனேன். அவரு கம்பெனிகிட்ட பேட்டரி உண்டான்னு கேக்க சொன்னாரு, கேட்டேன், "அது தனி பேக்கேஜ் சார்"னு பதில் வந்துச்சி.

இப்ப யோசனை என்னன்னா 20 கிலோவாட்ட விட்டுட்டு 5 கிலோவாட் ஹைப்ரிட்டும் 10 யூனிட் பேட்டரியும் மொதல்ல, மீட்டர் படம் எடுத்து பாத்துட்டு பில்லுக்கான சோலார அப்புறம் சேக்கறது. பொருளாளர் நிம்மதியா தூங்கிட்டாரு. மழைத்தண்ணி தொட்டிக்கு ஒரு பக்தர் ஏத்துகிட்டாரு. பின்னாடி சிமெண்ட ஒடைக்கிற விஷயத்துல மட்டும் கூட்டத்துல ஒரே சத்தம், தேர் சுத்தி வர்ற வழின்னு சொல்றாங்க, அது இன்னும் முடியல பெரியப்பா.

ஒயர்மேன் அண்ணே ரெண்டு சந்தேகம். மண்டபம் கோபுரத்துக்கு மேக்கால இருக்கு, காலைல 10 மணி வரைக்கும் கூரையில ஒரு பக்கம் கோபுர நெழல் விழும். கூரை பாதி ஜிங்க், பாதி பழைய ஷீட்டு, தாத்தா காலத்துது. பேட்டரிய மேல் மாடியில வாகனங்க வெக்கிற ரூம்ல வெக்கலாம்னு தலைவர் சொல்றாரு, அங்க தண்ணி கண்டிப்பா ஏறாது.

---

பிறை_ஒயர்மேன்

நெழல் விழற பக்கத்துல பேனல் போடாதீங்க, 5 கிலோவாட்டுக்கு 25, 30 சதுர மீட்டர் போதும், ஜிங்க் பக்கத்துலயே அடங்கிடும். ஒரே வரிசையில ஒரு பேனல்ல நெழல் விழுந்தாலும் மத்ததையும் இழுத்துடும், அதனால காலைல ஏழரைக்கு, ஒம்போதுக்கு, பத்துக்குன்னு கூரைய படம் எடுத்து அனுப்புங்க, டிசம்பர்லயும் ஜூன்லயும் நெழல் வேற பக்கம் சாயும் அதையும் பாக்கணும். அந்த பழைய ஷீட்டு அஸ்பெஸ்டோஸா இருந்தா யாரும் ஓட்ட போடக்கூடாது, ஒடைக்கவும் கூடாது, தூள் நெஞ்சுக்கு ஆகாது. எவனாவது ட்ரில்லிங் மெஷினோட ஏறுனா எறக்கி விடுங்க.

இடி மின்னலுக்கு சர்ஜ் புரொடெக்டர் டிசி (பேனல்) பக்கமும் ஏசி (லைன்) பக்கமும் கொட்டேஷன்ல தனியா எழுதி வாங்குங்க, நம்ம ஊர்ல அது இல்லாம ஒரு இன்வெர்ட்டரும் நெலைக்காது.

வாகன ரூம் வேணாம் தம்பி. அங்க பட்டுத்துணி, எண்ண, கற்பூரம், தேர் அலங்கார சாமான் எல்லாம் இருக்கும், ஜன்னலும் இருக்காது. நாதஸ்வரக்காரங்க தங்குற மேல் ரூம் இருக்குன்னா அதோட வெளிச் செவுத்துல, காத்து ஓடுற எடத்துல, நேரா வெயில் படாம மாட்டலாம். அங்கேருந்து மண்டபத்து டிபிக்கு எத்தன மீட்டர்னு டேப் வெச்சி அளந்து சொல்லுங்க, ஒயர் சைஸ் அத வெச்சிதான். லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் கையெழுத்து போடறாரான்னும் கேட்டுக்கோங்க, நான் வேணா ஞாயித்துக்கெழமை பாலம் ஏறி வரேன், பசியாறல் மட்டும் கோயில்ல போட்டுடுங்க.

---

நிபோங்தெபால்_அக்கா

ஞாயித்துக்கெழம நானும் வரேன், அந்த பேர் லிஸ்ட்ட எழுத ஆரம்பிச்சிடலாம். வீடு வீடா கேக்க சீனமும் மலாயும் பேசற ரெண்டு பொண்ணுங்கள ரெடி பண்ணுங்க. அப்புறம் தம்பி, மண்டபத்த வெள்ள நிவாரண எடமா பதிய வெல்ஃபேர் இலாகாவுலயும் நகராண்மையிலயும் இப்பவே கேட்டு வைங்க, மழை ஆரம்பிச்சப்புறம் போனா யாரும் போன எடுக்க மாட்டாங்க. மண்டபச் சாவி இப்ப யார்கிட்ட இருக்கு?

---

சுங்கைபினாங்_தம்பி

தலைவர்கிட்ட ஒன்னு, அவரு வீடு பாயான் பாருல. இன்னொன்னு குருக்கள்கிட்ட, அவரு கோயில் பக்கத்துலயே இருக்காரு ஆனா லீவுக்கு ஊருக்கு போயிடுவாரு. மூணாவது சாவி வெட்டி எதுத்தாப்புல உள்ள கோப்பிக்கடை அங்கிள்கிட்ட குடுக்கலாம்னு இருக்கேன், ராத்திரி ரெண்டு மணிக்கும் முழிச்சிருக்கற ஆளு அந்த சடக்குலயே அவரு ஒருத்தர்தான்.